போன் கடைக்காரி மகள்

என் மகள் இரண்டரை வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு என்ன காரணம் என்பது செஞ்சியில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும். எதிரே பூ கட்டி விற்கும் அம்மாவுக்குத் தெரியும். திண்டிவனம் பஸ் கிளம்புவதற்குள் அவசரமாக ரீசார்ஜ் செய்ய ஓடி வந்த, அதற்கு முன் எங்களைப் பார்த்தே இராத ஒருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் என் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் தலைக்குப் பின்னால் தொங்கிய சார்ஜர்களைப் பார்த்தார்.

"போனக் காமிச்சுக் காமிச்சுக் கொழந்தைய ஊமையாக்கி வெச்சிருக்கியேம்மா" என்றார். அவருக்கு பஸ் கிடைத்தது. எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு செல்போன் கடையில் நான் வேலை பார்க்கிறேன். ரீசார்ஜ் போடுவது, டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, டிஸ்ப்ளே மாற்றுவது, ஸ்பீக்கர் இரைகிறதா என்று பார்ப்பது, எல்லாம் நான்தான். என் கணவர் தனியார் பஸ்ஸில் டிரைவர். விடிவதற்கு முன்னால் போகிறவர், ஊர் அடங்கும் நேரத்தில்தான் வருவார். என் அம்மா இன்றைக்கும் களை எடுக்கவும் நாற்று நடவும் போகிறவள். அவளிடம் குழந்தையை விட முடியாது. அதனால் மகள் ஒன்பது மாதத்திலிருந்து என்னோடு கடையில் இருந்தாள். கவுண்டருக்குப் பின்னால் ஒரு பாயைப் போட்டு, பேக் கவர் வந்த அட்டைப் பெட்டிகளை அடுக்கி ஒரு தடுப்பு கட்டி வைத்திருந்தேன். கூட்டம் நெருக்கும் நேரத்தில் கையில் ஒரு பழைய போனைக் கொடுத்துப் பாட்டு போட்டுவிடுவேன். கொடுத்தேன். இல்லை என்று எந்த நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

வேலையை விடு என்று சொன்னவர்கள் நிறைய. வெயிலில் முதுகு வளைக்காமல், பேன் காற்றில் நின்று செய்கிற வேலை எங்கள் குடும்பத்திலேயே முதலில் எனக்குத்தான் கிடைத்தது. டிகிரி வரை படித்தேன். அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் குழந்தை பேசிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன்.

எனக்குப் புத்தி சொன்னவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளை உடைத்த போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னார்கள். மேல்சித்தாமூர் பக்கத்திலிருந்து ஒருவர், கட்டிலிலிருந்து மகன் வீசி எறிந்த போனைக் கொண்டுவந்தார். கண்ணாடி தூளாகியிருந்தது. நாலு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. போனை நான் கழற்றியதும் அவன் தரையில் விழுந்து தலையை மோத ஆரம்பித்தான். "ரெண்டு நாளு கடையிலயே இருக்கட்டும் அண்ணா, அவனும் கொஞ்சம் மறப்பான்" என்றேன். "அய்யோ, அது இல்லன்னா ஒரு வா சோறு துன்ன மாட்டாம்மா, இப்பவே போட்டுக் குடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பும்போது அட்டைப் பெட்டிக்கு மேல் எட்டிப் பார்த்த என் மகளைக் காட்டி, "இந்த வயசுல போன் குடுக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன் குழந்தைகளை ஒன்றும் செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. அது என்ன செய்யும் என்பதைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் என் மகள் அந்தப் பையனைப் போல இல்லை. போனைப் பிடுங்கினால் அழமாட்டாள். என் கையைப் பிடித்து இழுத்து, வேண்டியதைக் காட்டுவாள். கோபம் வந்தால் என் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் திருப்பி, கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு முறைப்பாள். சிரித்தால் கூடவே சிரிப்பாள். பேச்சு மட்டும்தான் இல்லை.

குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். கணவரும் அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். டாக்டர் முதலில் என்ன வேலை பார்க்கிறோம் என்று கேட்டார். சொன்னேன். "மொபைல் காட்டுவீங்களா?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"அதுதான். வேற ஒண்ணும் இல்ல. மொபைலை டோட்டலா நிறுத்துங்க. பேசுங்க, வெளையாடுங்க. அவளே பேசுவா."

கணவர் வேகமாக வெளியே வந்து பைக்கை எடுத்தார். வண்டியைக் கிளப்பும்போது, "எல்லாரும் சொன்னத டாக்டரும் சொல்லிட்டாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

நிறுத்தினேன். பாதி அல்ல, முழுவதுமாக. கடையில் பழைய போனை லாக்கரில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் கணவரும் மகள் தூங்கும்வரை போனைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார், தொடவும் இல்லை. களிமண், கலர் கோலமாவு, மரக்கரண்டி, காலி சிம் அட்டைகள் எல்லாம் பாய்க்கு வந்தன. டெம்பர் ஒட்டிக்கொண்டே அவளோடு பேசினேன். ஸ்குரூவைக் கழற்றும்போது ஸ்குரூ என்றேன். பஸ் போனால் பஸ் என்றேன். என்னைப் பார்த்து கஸ்டமர்கள் சிரித்தார்கள். தொண்டை கட்டிக்கொள்ளும்வரை பேசினேன்.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்கிறேன். சீக்கிரம் தூங்கினாள். தானே எடுத்துச் சாப்பிடக் கற்றாள். அட்டைப் பெட்டிகளை வைத்து வீடு மாதிரி ஒன்று கட்டுவாள், நான் பார்த்துத் தலையாட்டும்வரை அசைய மாட்டாள். மாதங்கள் போயின. பேச்சு வரவில்லை.

அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட என் கணவரின் அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் வாயத் தொறக்கலியா? நீ இன்னா, திருட்டுத்தனமா போன் குடுக்குறியா?"

"இல்ல அண்ணி. நிறுத்தி ரொம்ப நாளாச்சி."

"நிறுத்தியிருந்தா பேசியிருக்குமே. எங்க தெருவுல ஒரு கொழந்த, போன நிறுத்துன மாசமே பேசிச்சி. நீ கடைய வுடுற வழியப் பாரு. அங்க இருக்குற காத்தே போன் காத்து."

கணவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அண்ணி போன பிறகு அவரிடம், "நீங்களும் நான் திருட்டுத்தனமா குடுக்குறேன்னுதான் நெனைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? நான் வண்டியில இருக்கறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. வீட்டில் இருந்தால் சண்டைதான் வரும் என்று மகளைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போனோம். கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹால் பக்கத்துப் புல்தரையில் வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகளுக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து நிற்க வைத்துவிட்டு நாங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தோம். மதில் பக்கமிருந்து ஒரு பெரிய ஆண் குரங்கு அவளுக்குப் பின்னால் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். ஒரு பெண், "ஏ பாப்பா, பாப்பா, கொரங்கு!" என்று அலறினாள். கணவர் கத்திக்கொண்டே எழுந்து ஓடினார். அத்தனை சத்தத்திலும் என் மகள் நிதானமாகப் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது. அதன் பிறகுதான் திரும்பினாள். குரங்கு பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. கணவர் அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

"அவ திரும்பவே இல்லீங்க" என்றேன்.

"பிஸ்கட்டு துன்ற ஆசையில இருந்திருப்பா."

"எல்லாரும் கத்துனாங்க. நீங்க கத்துனீங்க. அவ என் மூஞ்சப் பாத்துதான் திரும்பினா."

என் மனதில் ஒவ்வொன்றாக வந்தது. போன் கையில் இருந்த காலத்தில் அவள் சவுண்டை எப்போதும் முழுசாக வைப்பாள். சில நேரம் போனைக் கன்னத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வாள். எவ்வளவு வெறி பாரு என்று கடையில் எல்லோரும் காட்டிக் காட்டிச் சொன்ன விஷயம் அது. நான் சவுண்டை அணைத்துவிட்டால் அவள் கண்டுகொள்ளாமல் அதே ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல பிள்ளை, அடம் பிடிக்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

மறுநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் பாயில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது, ஸ்பீக்கர் பார்ப்பதற்குப் போடும் பாட்டை ஒரு போனில் மெல்லப் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். அவள் ஒரு டப்பாவைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள். முழுச் சத்தம் வைத்தேன். திரும்பவில்லை. ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து அவள் முதுகுக்கு அருகில் வைத்து அலறவிட்டேன். பூ கட்டும் அம்மா எதிரிலிருந்து, "இன்னாம்மா திருவிழாவா?" என்று கேட்டார். அப்போது மகள் திரும்பினாள். ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்து, அதன் மேல் கையை வைத்தாள்.

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். இந்த முறை நான் மட்டும் போனேன்.

"நிறுத்திட்டீங்களா?" என்றார்.

"நிறுத்திட்டேன் சார். பேசல. காதுல ஏதோ இருக்குதுன்னு நெனைக்கிறேன். டெஸ்ட் எடுக்கணும்."

"நீங்களே முடிவு பண்ணக் கூடாதும்மா." அவர் மேசைக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கிப் பலமாகத் தட்டினார். மகள் அவரைப் பார்த்தாள். "பாத்தீங்களா? கேக்குது. இன்னும் கொஞ்ச மாசம் மொபைல் இல்லாம வளருங்க."

"கை தூக்குனத பாத்துட்டுத் திரும்பினா சார். பின்னாடி நின்னு தட்டுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. வெளியே அவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். போன் கடையில் பிள்ளையை வளர்த்துவிட்டுக் காது மேல் பழி போடுவதாகவும் சொன்னார். நான் எழவில்லை. "பின்னாடி நின்னு ஒரு தடவ தட்டுங்க சார், போயிடறேன்" என்று மறுபடியும் சொன்னேன். அவர் தட்டவில்லை. நர்ஸ் வந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில், "நாளைக்கு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன்.

"டாக்டரு வேணாம்னாரே."

"வேணாம்னாரு. நான் போறேன். காது நல்லா இருக்குதுன்னு அவங்களும் சொல்லட்டும், அப்புறம் கடைய வுடச் சொல்லுங்க, வுட்டுடறேன்."

கணவர் மகளை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "என் வண்டியிலயே வா" என்றார்.

அவர் ஓட்டும் விழுப்புரம் பஸ்ஸில், அவருக்குப் பக்கத்தில் இருக்கும் நீளச் சீட்டில்தான் போனோம். வழியெல்லாம் அவர் ஹாரன் அடிக்கும்போது மகள் திரும்பினாள். ஒவ்வொரு முறையும் கணவர் ஆசையாக என்னைப் பார்த்தார். அந்த ஹாரன் காதருகில் அடித்தால் கல்லே திரும்பும்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாளில் முடியவில்லை. மறுபடியும் வரச் சொன்னார்கள், போனோம். மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, காதுக்குள் சத்தம் அனுப்பிப் பார்த்தார்கள். சோதித்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவாக இருக்கும். முடித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ரெண்டு காதுலயும் கேக்குறது கொறைவா இருக்குதுங்க. பெரிய சத்தம் கேக்கும். நாம பேசுறது தெளிவாக் கேக்காது. பொறக்கும்போதே இருந்திருக்கும். இதுக்கு முன்னாடி யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க. போன்னு சொன்னாங்க."

அவர் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "போன் நெறைய பாத்தாலும் பேச்சு லேட் ஆகும், அது உண்மைதான். அதனால நாங்க அதையும் கேப்போம். ஆனா காதப் பாத்துட்டுதான் அடுத்தது பேசணும்" என்றார்.

நான் செய்தது தப்பில்லை என்று தெரிந்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஆகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மகளின் காதைத் தொட்டுப் பார்த்தேன். பாயில் உட்கார்ந்து நான் தொண்டை கிழியச் சொன்ன ஸ்குரூவும் பஸ்ஸும் அவளைப் போய்ச் சேரவே இல்லை. நான் வாயை அசைத்திருக்கிறேன், அவள் பார்த்திருக்கிறாள். அந்த மாதங்களை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? ஒரே ஒரு கேள்வி கேட்டு, அதற்கு வந்த ஒரே ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் காதருகில்கூட வராமல் எங்களை அனுப்பினார்களே. போன் என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. தாயைத் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

திரும்பி வரும்போதும் அதே பஸ். ஸ்டாண்டில் ஆள் ஏறும் நேரத்தில் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தும் வண்டியை எடுக்கவில்லை. இரண்டாவது விசிலுக்குத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். செஞ்சி வந்து எல்லோரும் இறங்கிய பிறகு, "அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன்" என்றார்.

சில வாரங்களில் காது மெஷின் கொடுத்தார்கள். போட்டதும் குழந்தை சிரித்துப் பேசிவிடவில்லை. பிடுங்கி எறிந்தாள். பாத்திரம் விழுந்தால் அலறினாள். கடையில் ரிங்டோன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு என் புடவைக்குள் ஒளிந்தாள். தினமும் கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் என்று பழக்கினோம். பேச்சுப் பயிற்சிக்கு விழுப்புரம் போய் வந்தோம். போக முடியாத வாரங்களில் அந்தப் பயிற்சி டீச்சர் வீடியோ காலில் வந்தார். அதற்காக லாக்கரில் இருந்த போனை வெளியே எடுத்தேன். கூட நானும் உட்காருவேன், ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம்தான். டீச்சர் வாயைப் பார்த்து மகள் வாயைக் குவிப்பாள். நாங்கள் பேசுவதைப் படம் எடுத்து அவளுக்கே போட்டுக் காட்டுவேன்.

கடைக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? "மறுபடியும் போனா?" என்றார்கள். "ஆமா, மறுபடியும் போன்தான்" என்றேன். யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை.

அவளுடைய முதல் வார்த்தை அம்மா இல்லை. அலோ. கடையில் நாள் முழுக்க அவள் காதில் விழுந்தது அதுதானே. காலி அட்டைப் பெட்டியைக் காதில் மெஷினுக்கு மேலே வைத்துக்கொண்டு, "அயோ" என்றாள். மறுபடியும் சொன்னாள். டிஸ்ப்ளே ஒட்டிக்கொண்டிருந்த நான் கஸ்டமர் போனைக் கீழே போட்டுவிட்டேன். நல்ல வேளை, உடையவில்லை. அடுத்தது நைனா, எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். அதைக் கேட்க அவர் வீட்டில் இல்லாததால் பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலில் அவரைப் பார்த்ததும் அவளே சொன்னாள்.

அண்ணி அடுத்த முறை வந்தபோது மகளின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, "அந்தப் போன் சத்தத்த காதுல வெச்சி வெச்சிதான் காது பூட்டுச்சி" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதில் சொன்னது கணவர். "அக்கா, பொறக்கும்போதே அப்படித்தான். நம்ம பாட்டன் வழியிலயே ரெண்டு பேருக்குக் காது கேக்காது, உனக்கே தெரியும். இன்னொரு தடவ போன்னு சொல்லாத." அண்ணி அன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் மனதில் காரணம் மாறியிருக்காது. மாறாமல் போகட்டும்.

ஒரு நர்சரியில் சேர்க்கப் போனபோது, மெஷினைப் பார்ப்பதற்கு முன்னாலேயே நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டுவிட்டு, "போன்ல வளந்த பசங்க கிளாஸ்ல உக்கார மாட்டாங்க" என்றார் அங்கிருந்த மேடம். "என் பொண்ணு உக்காருவா. உங்க கிளாஸ்ல இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். இப்போது அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறேன். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் இவளே எழுந்து, "மிஸ், இங்க பாத்துச் சொல்லுங்க" என்கிறாளாம்.

சில எழுத்துகள் அவளுக்கு இன்னும் வரவில்லை. அவள் வாயில் பஸ் என்பது பத்து. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, கவுண்டருக்கு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அன்று வகுப்பில் யார் யாரை அடித்தார்கள் என்பதை முழுக் கதையாகச் சொல்கிறாள். குரல் ரொம்பப் பெரிது. பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும். ரீசார்ஜுக்கு வந்தவர்கள் முகத்தைச் சுளித்து, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லும்மா என்கிறார்கள். நான் சொல்வதில்லை. அவள் கதை முடியட்டும் என்று அவர்களைத்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.